தப்பாகப் பேசும் உரிமை

தில்லிக்கு வந்த புதிதில் எனக்குப் பெரிய சோதனையாக இருந்தது வெண்டைக்காய். கத்தரிக்காயும் பூசணிக்காயும் ஆண், வெண்டைக்காயும் காலிஃப்ளவரும் பெண் என்று இந்திக்காரர்கள் எந்தக் காலத்தில் எதை வைத்துத் தீர்மானித்தார்களோ! உயர்திணை, அஃறிணை என்று உலகத்தைப் பிரித்துப் பழகிய தமிழ் நாக்குக்கு இது லேசில் பிடிபடுவதில்லை. கரோல்பாக் காய்கறிக்காரரிடம் "பிண்டி அச்சா ஹை?" என்று கேட்பேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "பிண்டி அச்சி ஹை, லே லீஜியே" என்பார். நான் சொன்ன 'அச்சா' அவர் வாயில் 'அச்சி'யாக மாறியிருக்கும். அதை ஒரு திருத்தமாக அவர் சொல்லவில்லை. நான் கேட்டது காய், அவர் கொடுத்ததும் காய். கூடவே இலக்கணமும் பையில் வந்து விழுந்தது.

அலுவலகத்தில் கதை வேறு. நான் இந்தியில் வாயைத் திறந்தால் அதை அப்படியே பேசிக்காட்டி நாலு பேரைச் சிரிக்க வைக்கிற ஒருவர் அங்கே இருந்தார். கெட்ட மனிதர் அல்ல, வேடிக்கைப் பிரியர். ஆறே மாதத்தில் நான் அங்கே முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிட்டேன். இன்று எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் காய்கறிச் சந்தையில் கற்றதுதான்.

இது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர் மொழி. தில்லி நண்பர் ஒருவரின் மகள் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறாள். அலுவலகத்தில் அவள் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த பைத்தான். ராத்திரியில், தன் ஆசைக்காக எழுதுவது ராக்கு என்ற மொழி. "அதற்கு எங்கே வேலை கிடைக்கும்?" என்று கேட்டேன். "கிடைக்காது அங்கிள், அங்கே இருக்கிறவர்களைப் பிடித்திருக்கிறது" என்றாள் ஆங்கிலத்தில். அந்த 'அங்கிள்' பற்றியும் ஆங்கிலம் பற்றியும் கடைசியில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் மொழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சம்பளம் கொடுப்பவை அவற்றில் பத்துப் பதினைந்து. மற்றவை சின்னச் சின்னக் குடிகள். பேசுகிறவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடப்பார்கள், இன்டர்நெட்டில்தான் கூடுவார்கள். பைத்தான் படிக்க வருகிறவரை யாரும் வாசலில் நின்று வரவேற்க வேண்டியதில்லை. வேலை ஆசையே அவரை உள்ளே தள்ளிவிடும். சின்ன மொழிக்கு வருகிறவர் ஆர்வம் ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். முதல் நாளே யாராவது முகத்தைச் சுளித்தால் போதும், திரும்பிப் போய்விடுவார். அவர் போனால் நஷ்டம் அவருக்கல்ல, அந்த மொழிக்குத்தான்.

ராக்குவின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு மொழியியல் மாணவரிடம் போய் நிற்போம். அமெரிக்கரான லாரி வாலும் அவர் மனைவியும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர்கள். எழுத்தே இல்லாத ஒரு மொழியை, ஒருவேளை ஆப்பிரிக்காவில், கண்டுபிடித்து அதற்கு எழுத்து அமைத்து, பைபிள் உள்ளிட்ட நூல்களை அதில் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. வால் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். 1987 டிசம்பரில் பெர்ல் என்ற மொழியை வெளியிட்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. நம் ஜாதிக்காரர் ஒருவர் வழிதவறி அங்கே போயிருக்கிறார்!

அவர் மொழியியலை வாசலில் விட்டுவிட்டுப் போகவில்லை. அட்டையில் ஒட்டகம் போட்ட பெர்ல் புத்தகம் 1991இல் வந்தது. குழந்தை பேசுகிற மாதிரி அரைகுறையாக பெர்ல் எழுதலாம், அதில் தவறே இல்லை என்பது அந்த வட்டாரத்தின் அறிவிக்கப்பட்ட கொள்கை. மூன்று வயதுக் குழந்தை பேசுவதும் மொழிதான், பண்டிதர் பேசுவதும் மொழிதான். முழு இலக்கணமும் தெரிந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்றால் உலகத்தில் யாரும் பேசியிருக்க முடியாது. நிகண்டும் நன்னூலும் படித்துவிட்டா நாம் அம்மாவிடம் சோறு கேட்டோம்?

கொள்கை நன்றாக இருந்தாலும் கம்ப்யூட்டர் உலகத்தின் பொது நடைமுறை நெடுங்காலம் வேறாகத்தான் இருந்தது. புதியவர் ஏதாவது கேட்டால், நடுவில் ஒரு கெட்ட வார்த்தையையும் செருகி "கையேட்டைப் படி" என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சுருக்கமே உண்டு. சுருக்கம் உண்டாகும் அளவுக்கு அது அடிக்கடி தேவைப்பட்டிருக்கிறது. புரோகிராமர்களின் சந்தேகங்களைத் தீர்ப்பதற்காக 2008இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, புதியவர்களுக்குத் தங்கள் இடம் இதமாக இல்லை என்று 2018இல் தானே பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

பதில் சொல்கிறவர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் வந்து உட்கார்ந்தால், நூறு பேர் கேட்ட அதே கேள்வியை நூற்றோராவது ஆள் கேட்கிறார். அவருக்கு அது முதல் கேள்வி, இவருக்கு அது நூற்றோராவது. சண்டை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிப் பார்த்த கதைதான் ராக்குவின் கதை. பெர்லை அடியோடு திருத்தி எழுதப்போவதாக வால் 2000 ஜூலையில் அறிவித்தார். யோசனை சொல்லுங்கள் என்று பெர்ல் உலகத்தை அழைத்ததில் 361 யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றைப் படித்து, பிரித்து, ஒரு மொழியாகக் கோக்க ஆண்டுகள் ஓடின. பெர்ல் 6 என்று பெயர் மட்டும் பிறந்துவிட்டது, பிள்ளையைக் காணோம். வெளியே கேலி, உள்ளே சோர்வு.

2005 பிப்ரவரி 1ஆம் தேதி, தைவானைச் சேர்ந்த ஆட்ரி டாங் பெர்ல் 6ஐ ஓட்டிப் பார்க்க 'பக்ஸ்' என்ற புரோகிராமை எழுதத் தொடங்கினார். வயது 23. பதினான்காவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பக்ஸை அவர் எழுதியது ஹாஸ்கெல் என்ற இன்னொரு சின்ன மொழியில். அதிலும் தேர்ந்த பிறகு ஆரம்பிக்கவில்லை, பழகிக்கொண்டே எழுதினார். புதியவர் ஒருவர் தொடங்கிய வேலை என்பது முக்கியம். ஏனென்றால் அவர் செய்த அடுத்த காரியம், பழையவர்களுக்குத் தோன்றியிருக்கக் கூடியதல்ல.

இத்தகைய கூட்டு வேலைகளில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் தான் எழுதியதைப் பெரியவர்களிடம் சமர்ப்பிப்பார். அவர்கள் பார்த்துத் திருத்திச் சேர்ப்பார்கள். பல மாதம் இப்படி ஊழியம் செய்தபின்தான், மூல நிரலில் தானே கை வைக்கும் அனுமதி கிடைக்கும். டாங் அந்தச் சாவியை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கேட்டவருக்கும் கொடுத்தார், கேட்காமல் எட்டிப் பார்த்தவருக்கும் கொடுத்தார். "இது சரியில்லை, அது ஓடவில்லை" என்று குறை சொல்ல வந்தவருக்கும் கொடுத்தார். குறை தெரிகிறதா, உள்ளே வந்து சரி செய்யுங்கள் என்பதுதான் பதில். நூறு பேருக்கு மேல் அந்தச் சாவி போய்ச் சேர்ந்தது.

கேட்டால் வயிற்றைக் கலக்கும். வீட்டுச் சாவியை வழியில் போகிறவரிடம் கொடுப்பார்களா? ஆனால் இந்த வீட்டில் ஒரு வசதி உண்டு. யார் எதை மாற்றினாலும் முந்தைய வடிவம் அழிவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். தப்பு நடந்தால் ஒரு கட்டளையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். உடைந்தால் ஒட்டிக்கொள்ளும் பாத்திரத்தைக் குழந்தை கையில் கொடுக்க எதற்குப் பயப்பட வேண்டும்? அந்தப் பயம் பழக்கத்தால் வந்தது என்பதை டாங் கண்டுகொண்டார்.

வந்தவர்களில் பலருக்கு ஹாஸ்கெல் தெரியாது. அப்புறம் அவர்கள் என்னதான் செய்தார்கள்? சோதனைகள் எழுதினார்கள். சோதனை என்பது சிறிய விஷயம். இதைக் கொடுத்தால் இது வர வேண்டும் என்று இரண்டு வரி. இரண்டும் இரண்டும் நான்கா? இந்தச் சொல்லைத் தலைகீழாக்கினால் அந்தச் சொல் வருகிறதா? மொழியைப் பற்றிய ஏட்டைப் படித்துவிட்டு, "இங்கே இப்படிச் சொல்லியிருக்கிறது, ஆனால் ஓட்டினால் அப்படி வரவில்லையே" என்று ஒரு புதியவர் திகைத்தால், அந்தத் திகைப்பையே ஒரு சோதனையாக எழுதி உள்ளே போடச் சொன்னார்கள். இன்றைக்குத் தோற்கிற சோதனைக்கு 'இனிமேல் செய்ய வேண்டியது' என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்தார்கள். வேறு இடங்களில் புலம்பலாகவோ முட்டாள்தனமாகவோ எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் ஒன்று, இங்கே ஆயிரக்கணக்கான வரிகளில் சொத்தாகச் சேர்ந்தது.

இரண்டொரு ஆண்டுகளில் பக்ஸ் வேகம் இழந்தது. வேறு புரோகிராம்கள் அதன் இடத்துக்கு வந்தன. பக்ஸை இன்று யாரும் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் பிழைத்துக்கொண்டன. அவை பெருகிப் பெருகி மொழியின் அதிகாரபூர்வச் சோதனைத் தொகுப்பாயின. எது பெர்ல் 6 என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த விடை, இந்தச் சோதனைகளில் எது தேறுகிறதோ அது, என்பதுதான். 2015 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் அன்று, மொழி ஒருவழியாக வெளியானபோது அதன் இலக்கணமாக நின்றது, ஒரு பகுதி இந்தப் புதியவர்கள் இடறி விழுந்த இடங்களின் பட்டியல். நிபுணர்கள் கட்டிய வீடு போய்விட்டது, விருந்தாளிகள் ஊன்றிய வேலி நின்றுவிட்டது.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. புதியவரிடம் அறிவு இல்லை, ஆனால் பழையவரிடம் இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. வழியில் எங்கெங்கே கல் இருக்கிறது என்பது அவர் கால் விரலுக்குத் தெரியும். பழையவர் அந்தக் கல்லைத் தாண்டித் தாண்டிப் பழகி, அது இருப்பதையே மறந்திருப்பார். அந்த விரல் வலியும் சில வாரங்களுக்குத்தான். பிறகு அவரும் தாண்டப் பழகிவிடுவார். அதற்குள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சிரித்து அனுப்பிவிட்டால் போனது போனதுதான்.

ராக்கு இதை மொழிக்குள்ளேயே வைத்திருக்கிறது. பழைய பெர்லில் இரண்டு சொற்களை ஒட்டவைக்க நடுவில் முற்றுப்புள்ளி வைப்பார்கள். ராக்குவில் அதற்கு வேறு குறி, அலைபோல நெளிந்த கோடு. பெர்லிலிருந்து வருகிறவர் பழக்க தோஷத்தில் புள்ளி வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் வெறுமனே 'பிழை' என்று கத்திவிட்டு நிற்பதில்லை. சொற்களை ஒட்டுவதற்குப் புள்ளி இங்கே செல்லாது, ராக்குவில் தயவுசெய்து இந்தக் குறியைப் போடுங்கள் என்று சொல்கிறது. நீ எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்பது எனக்குத் தெரியும் என்கிற மாதிரி. கரோல்பாக் காய்கறிக்காரர்தான்.

அப்படி வராமல் தலையும் காலும் புரியாத ஒரு பிழைச்செய்தி வந்து புதியவர் திணறினால்? 'அற்புதத்துக்குச் சற்றுக் குறைவு' என்று பொருள்படும் ஒரு சுருக்கப் பெயர் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சூட்டி அதை மொழியின் குறையாகவே பதிவு செய்கிறார்கள். தப்பு செய்தவர் புதியவர்தான். ஆனால் என்ன தப்பு என்று அவருக்குப் புரியவைக்கத் தெரியாதது மொழியின் தப்பு. பயன்படுத்துகிறவருக்காக மொழியை உருவாக்குகிறவர் கஷ்டப்பட வேண்டும், எதிர்மாறாக அல்ல என்பது அவர்கள் சித்தாந்தம்.

இது கறாரின்மை அல்ல. கம்ப்யூட்டரைவிடக் கண்டிப்பான இலக்கண வாத்தியார் உலகத்தில் கிடையாது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் ஓர் அடி நகராது. சோதனைகளுக்கும் தாட்சண்யம் இல்லை. நான்கு வர வேண்டிய இடத்தில் ஐந்து வந்தால் தோல்விதான். இப்படி ஒரு வாத்தியார் ஏற்கெனவே பிரம்போடு உட்கார்ந்திருக்கையில், பக்கத்தில் நிற்கும் மனிதர்களும் பிரம்பை எடுக்க வேண்டுமா என்பதே கேள்வி.

இந்த விருந்தோம்பலால் ராக்கு பெரிய மொழியாகிவிட்டதா என்றால், இல்லை. பெர்ல் 6 என்ற பெயரே இடைஞ்சலாகி, பழைய பெர்லின் அடுத்த பதிப்பு என்ற குழப்பத்தை உண்டாக்கி இரண்டுக்கும் கெடுதல் செய்தது. 2019 அக்டோபரில் ராக்கு என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். இன்றும் அது சின்னக் குடிதான். கதவைத் திறந்து வைத்தால் கூட்டம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கதவைத் திறந்து வைத்திருக்கிறவர்களும் மனிதர்கள், அவர்களும் களைத்துப்போகிறார்கள். ஆனால் அன்பாக நடந்துகொண்டதன் பயனைத் தலையெண்ணி அளக்க முடியாது. பக்ஸில் பழகிய பழக்கம் எங்கெங்கோ போயிற்று. ஆட்ரி டாங் 2016இல் தைவான் அமைச்சரவையில் சேர்ந்தார், 2022இல் அந்நாட்டின் டிஜிட்டல் துறை அமைச்சகம் உருவானபோது அதன் முதல் அமைச்சராகி 2024 மே வரை இருந்தார். குறை சொல்ல வருகிறவரையே கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளும் வித்தையை அவர் ஆட்சியிலும் கையாண்டார்.

இனி அந்த 'அங்கிள்'. நண்பரின் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு பொங்கல் நாள், அவர்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். வாசலிலிருந்து ஓடிவந்து, "மாமா, உங்க பஸ் வந்துட்டா!" என்றாள். இந்தியில் பஸ் பெண்பால். தில்லியில் வளரும் குழந்தை, பஸ்ஸை ஒரு பெண்ணாகவே தமிழில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. தமிழ் எம்.ஏ. படித்த நான் விடுவேனா? எழுந்து நின்று, "வந்துட்டாளா? புடவை கட்டியிருக்காளா, சுடிதாரா?" என்று கேட்டேன். வீடே அதிர்ந்தது. அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் பேசியதில்லை. மாமா, அங்கிள் ஆனேன். அலுவலகத்தில் என்னைப் பேசிக்காட்டிய வேடிக்கைப் பிரியரை இத்தனை வருஷமாக நான் மன்னிக்கவில்லை. அவர் செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பது, ராக்கு பற்றி அவள் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று அவள் ஒன்றைக் காட்டினாள். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டாள். 5 என்றது. 'மி'யை மகரமும் கொக்கியுமாக இரண்டு, 'ழ்'ஐ ழகரமும் புள்ளியுமாக இரண்டு என்று பிரித்து எண்ணுகிறது. ராக்குவைக் கேட்டாள். 3 என்றது. படிக்கிறவர் கண்ணுக்கு எது ஓர் எழுத்தோ அதையே ஓர் எழுத்தாக எண்ணும்படி அதை அமைத்திருக்கிறார்கள். நம் பழைய தமிழ் எண்களை எழுதினால்கூட எண் என்று ஏற்றுக்கொள்கிறது. "பார்த்தீர்களா, உங்கள் மொழியை அதற்குத் தெரிந்திருக்கிறது" என்றாள். 'உங்கள் மொழி' என்று சொன்னதைத்தான் நான் கவனித்தேன்.

மூன்று கோடிப் பேர் பேசும் மொழியோ, மூவாயிரம் பேர் எழுதும் மொழியோ, வாசலில் தயங்கி நிற்கிற ஒருவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில் வித்தியாசம் இல்லை. தமிழ் சின்ன மொழி அல்ல. ஆனால் தில்லியில், மும்பையில், கொல்கத்தாவில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அது ஒன்றிரண்டு குழந்தைகளின் நாக்கில் மட்டும் நிற்கிற மிகச் சின்ன மொழி.

போன வாரம் என் மொழிபெயர்ப்புப் புத்தகம் ஒன்றை அவளுக்குக் கூரியரில் அனுப்பியிருந்தேன். தமிழில் அவள் தட்டுத் தடுமாறித்தான் படிப்பாள் என்று தெரிந்தே அனுப்பினேன். சாயங்காலம் போன் செய்தாள். "அங்கிள், புஸ்தகம் வந்துட்டா" என்றாள்.

இந்தியில் புத்தகமும் பெண்பால்தான். நான் மூச்சுவிடவில்லை.

"வந்துடுச்சா? சந்தோஷம். படிச்சிட்டு, எங்கெங்கே புரியலைன்னு சொல்லு" என்றேன்.